காட்சிக்கு வைத்த அறை

சாந்தா பிரிஹிதா கரும்பாலையில் மலக்குழியை வாரும் வேலை செராபியாவுக்கு வந்ததே அவள் சுத்தக்காரி என்பதால்தான். கங்காணி நிகனோர் அதைப் பல் குத்திக்கொண்டே சொன்னான்.

“உனக்குத்தான் நாத்தமே ஆகாதாமே. அப்ப நீயே அள்ளு. வேற எவளும் உன்ன மாதிரி வழிச்சு அள்ள மாட்டா.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற பெண்கள் துணி அலசிக்கொண்டும் தலையில் பேன் பார்த்துக்கொண்டும் இருக்கும்போது, செராபியா பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, மரத்தொட்டியில் அள்ளிச் சுமந்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாள். ஒரு தொட்டி ததும்பினால் கழுத்தில் வழியும். முதல் மாதம் முழுக்க அவளுக்குச் சோளக்களி இறங்கவில்லை. உப்புக்கண்டத்தை வாயில் வைத்தால் குமட்டியது. பிறகு சாப்பிடப் பழகிக்கொண்டாள். நாற்றத்துக்குப் பழகவில்லை. பழகிவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

அவர்கள் இருந்த இடத்துக்குக் கொட்டடி என்று பெயர். நான்கு பக்கமும் சுண்ணாம்புக்கல் சுவர், உள்முகமாக நாற்பத்தாறு அறைகள், நடுவே முற்றம். இருநூற்றுப் பன்னிரண்டு உயிருக்கு ஒரே வாசல். அந்தி சாய்ந்தால் அதன் இரும்புக் கதவுக்குப் பூட்டு விழும். வெளிச்சுவரில் அறைக்கு ஒரு துவாரம் உண்டு, அதிலும் கம்பி. உள்ளங்கையை அதில் வைத்தால் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மழை பெய்தால் முற்றம் சேறாகும். அந்தச் சேற்றில் மலக்குழியும் கலந்துகொள்ளும். குழியிலிருந்து பதினாலு அடி தள்ளிக் கிணறு. குடிக்கவும் களி கிண்டவும் அந்தத் தண்ணீர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படி இல்லை. ஆலைக்குப் பின்புறம் பனையோலை வேய்ந்த குடிசைகள் இருந்தன. செராபியாவுக்கும் ஒன்று. அவள் கையால் மெழுகிய தரை, பின்னால் சேம்பும் மரவள்ளியும் போட்ட கொல்லை, காற்று அடிக்கிற திசை பார்த்துத் தள்ளிக் கட்டிய பன்றிப்பட்டி. அவளும் அடிமைதான், விடிகாலையிலிருந்து முதுகு ஒடிய உழைத்தவள்தான். ஆனால் ராத்திரியில் கதவைத் தானே சாத்தினாள், காலையில் தானே திறந்தாள். அக்கம்பக்கத்து ஆலையில் நாலு பேர் ஓடிப்போனார்கள் என்று கேட்டதும் எசமான் டோன் எவாரிஸ்தோ பயந்துபோனார். பூட்டுப் போட்ட கொட்டடிதான் இப்போது மத்தான்சாஸ் பக்கம் எல்லா ஆலையிலும் நடைமுறை என்று யாரோ சொன்னார்கள். அறுவடை முடிந்த மறுநாளே குடிசைகளைப் பிரித்து நெருப்பு வைத்துவிட்டார்கள். பன்றிகள் வீறிட்டுக்கொண்டு வயலுக்குள் ஓடின.

கொட்டடியில் செராபியாவுக்குக் கிடைத்த அறையில் லெயோகாதியாவும் அவள் மகள் ருஃபினாவும் கூட இருந்தார்கள். செராபியாவும் லெயோகாதியாவும் ஒரே கப்பலில், ஒரே சங்கிலியில் வந்தவர்கள். அப்படி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் ‘கரபேலா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்த பிறப்பை விட அது ஒரு படி மேல்.

செராபியா அந்த அறையை விட்டுவைக்கவில்லை. தரையில் தெள்ளுப்பூச்சி பொந்து வைத்திருந்தது. களிமண்ணும் சாம்பலும் குழைத்து ஒவ்வொரு பொந்தாக அடைத்தாள். மூட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கப் படுக்கைப் பலகையின் கால்களைச் சுண்ணாம்பில் நட்டாள். வேலி ஓரத்தில் முளைத்த திருநீற்றுப்பச்சையைப் பிடுங்கி வந்து துவாரத்தில் தொங்கவிட்டாள்.

“இது என்னடி கோயிலா?” என்று லெயோகாதியா கிண்டல் பண்ணுவாள். “வாசல்ல கால கழுவிட்டுதான் வரணுமாக்கும்?”

“கழுவிட்டு வந்தா கொறஞ்சா போயிருவ?”

“எதுல கழுவுறது? அந்தக் கிணத்துத் தண்ணியிலயா? கழுவாத காலே தேவலாம்டி.”

லெயோகாதியா வேடிக்கையாகச் சொன்னதுதான். டிசம்பரில் அது வேடிக்கையாக இல்லை. கரும்பு வெட்டு தொடங்கி மூன்றாவது வாரம், கொட்டடியில் வயிற்றுக்கடுப்பு வந்தது. முதலில் புதிதாக வந்த ஆண்கள் அடைந்துகிடந்த அறையில். பிறகு வரிசையாக. குழிவரை போக முடியாதவர்கள் படுத்த இடத்திலேயே போனார்கள். ஈக்கள் சுவரைக் கருப்பாக்கின. பதினோரு பேர் செத்தார்கள். ருஃபினா எட்டாவது. அவளுக்கு ஆறு வயது. கடைசி இரண்டு நாளும் அவள் தண்ணீர் தண்ணீர் என்றுதான் கேட்டாள். கேட்கக் கேட்க லெயோகாதியா அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொடுத்தாள்.

செராபியா கங்காணியிடம் போய் நின்றாள்.

“கங்காணியய்யா, கிணத்துல குழி ஊறுது. வாளிய இறக்கி மோந்து பாருங்க. எசமான் வீட்டுப் பக்கத்து ஊத்துலேர்ந்து ஒரு பீப்பாத் தண்ணி கொண்டுவர உத்தரவு குடுங்க, நானே உருட்டிட்டு வந்துர்றேன்.”

நிகனோர் ஏழை வெள்ளைக்காரன்; கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து பசிக்குப் பிழைக்க வந்தவன். தன்னை விடக் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது என்பதே அவனுக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி.

“பச்சைக் கரும்ப ஆட்டுக்கடா மாதிரி கடிக்கிறீங்க, வயித்தால போகாம என்ன பண்ணும்? போடி. உங்க நாத்தம் உங்ககிட்ட. கிணத்த எதுக்குக் கொற சொல்ற?”

பிப்ரவரியில் எசமான் ஹவானாவிலிருந்து வருகிறார் என்று செய்தி வந்தது. கூட ஒரு டாக்டரும் வருகிறாராம். அடிமைகளை எப்படி வைத்துக்கொண்டால் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வேலை வாங்கலாம் என்று தோட்ட முதலாளிகளுக்குப் புத்தகம் எழுதுகிறவராம். நல்ல கொட்டடிக்கு உதாரணமாகச் சாந்தா பிரிஹிதாவைக் காட்டுவதாக எசமான் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மூன்று நாள் சுண்ணாம்பு அடித்தார்கள். வெளிச்சுவருக்கு மட்டும். வாசல் நிலைக்கு நீலம் பூசினார்கள். குழியின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் கரும்புச் சக்கையைப் பரப்பினார்கள். பார்க்கக் கோழி அடைகாக்கிற இடம் போல இருந்தது. நாற்றம் மட்டும் கோழியுடையது அல்ல.

டாக்டர் டோன் கலிஸ்தோ ஒல்லியான மனிதர். வாசனைத் தண்ணீர் தெளித்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே முற்றத்தைக் கடந்தார். எசமான் அவரை வேறு எந்தக் கதவுப் பக்கமும் நிற்கவிடவில்லை. நேரே செராபியாவின் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கங்காணி அவளை அன்று வயலுக்கு அனுப்பாமல் வாசலில் நிறுத்தியிருந்தான்.

“பாருங்க டாக்டர்,” என்றார் எசமான், தானே பெருக்கி மெழுகியவர் மாதிரி. “நல்ல எடம் கட்டிக் குடுத்தா இதுங்களும் மனுசங்க மாதிரி இருக்கும். குடிசையில கெடந்தப்ப பன்னியோட பன்னியா கெடந்ததுங்க.”

டாக்டர் தலையை நுழைத்துப் பார்த்தார். தரையைக் கைத்தடியால் தட்டினார். தொங்கிய திருநீற்றுப்பச்சையைக் கண்டதும் முகம் மலர்ந்துபோனது.

“பிரமாதம். இதை எழுதணும். காத்தோட்டம், சுத்தம், மணம்! ஆனா டோன் எவாரிஸ்தோ, முத்தத்துல ஒரு வாடை…”

“அது இதுங்க தோல் வாடை. பொறவியிலேயே உண்டு. எத்தன தேச்சாலும் போகாது.”

டாக்டர் செராபியாவின் பக்கம் திரும்பினார். சந்தையில் மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கி மோந்து பார்ப்பதுபோல, அவள் தோள்பட்டைக்குக் குனிந்து, கைக்குட்டையை விலக்கி, மூச்சை இழுத்தார். ஒரு முறை. இன்னொரு முறை. அவருடைய மீசையிலிருந்து புகையிலையும் ஊசிப்போன கொழுப்பும் கலந்த வாடை வந்தது. செராபியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவகிட்ட ஒண்ணும் இல்லையே?”

“இது ஒண்ணு அப்படி. கையால வளர்த்தது,” என்றார் எசமான், வாய் கூசாமல்.

“தண்ணி எப்படி இருக்கு இங்க?” என்று டாக்டர் அவளிடமே கேட்டார். அப்போதுதான் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

நிகனோர் பின்னாலிருந்து சாட்டைப் பிடியால் தொடையைத் தட்டிக்கொண்டான்.

“ஒரு வாய் குடிச்சுப் பாருங்க ஐயா. இறைச்சுட்டு வரட்டுமா?”

எசமான் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். யாருக்கும் தாகம் இல்லை. நாளைக் காலை வந்து இந்த அறையை அளந்து படம் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, டாக்டர் குறிப்பேட்டை மூடினார். மறுபடி கைக்குட்டை மூக்குக்குப் போனது.

சாயங்காலம் வயலிலிருந்து வந்த லெயோகாதியாவிடம் செராபியா நடந்ததைச் சொன்னாள். மோந்து பார்த்ததைச் சொல்லும்போது, தோளைத் துணியால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். லெயோகாதியா சிரிப்பாள் என்று நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்த கையால் படுக்கைப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப இந்த அறை புஸ்தகத்துல வருதா?”

“வருமாம்.”

“எம்புள்ள செத்த எடம் சுத்தமா, மணமா இருந்துச்சுன்னு எழுதுவாங்களா?”

செராபியா தோளைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“நல்லா மெழுகி வச்சடி கரபேலா,” என்றாள் லெயோகாதியா. கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில் சொன்னாள். “அவனுக்காகவே மெழுகி வச்ச மாதிரி இருக்கு.”

அந்தச் சொல் செராபியாவைக் குடைந்தது. இரண்டு வருஷமாக அந்த நாலு சுவருக்குள் அவள் பண்ணியதெல்லாம் தனக்காக, தான் இன்னும் தான்தான் என்று தனக்கே தெரிவதற்காக. அதை எசமான் ஒரே நொடியில் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்பத்தைந்து அறை அழுகிக் கிடக்க, அவள் அறையைக் காட்டியே அத்தனையையும் மறைத்துவிட்டார். குழியை வாரியபோதுகூட அவளுக்கு இப்படி அருவருப்பு வந்ததில்லை. இது தன் கை மீதே வந்தது.

மறுநாள் ஆட்கள் வயலுக்குப் போனதும், அவளை அறையைக் கூட்டி வைக்கச் சொல்லி நிறுத்தினார்கள். கூட்டினாள். லெயோகாதியாவின் போர்வையையும் ருஃபினாவின் சின்னச் சட்டையையும் மடித்து வெளியே கொண்டுபோய்ச் சமையல் கொட்டகையின் உத்தரத்தில் வைத்தாள். திருநீற்றுப்பச்சையை அவிழ்த்து அதன்மேல் வைத்தாள். பிறகு குழியின் மேலிருந்த சக்கையை ஒதுக்கி, பலகையைப் புரட்டிப் போட்டு, தொட்டியை உள்ளே இறக்கினாள்.

முதல் தொட்டியைத் தரையில் ஊற்றினாள். இரண்டாவதைப் படுக்கைப் பலகையில். மூன்றாவதைச் சுவரில் வீசினாள். அது மெதுவாக வழிந்தது. புழுக்கள் வெளிச்சத்துக்கு நெளிந்தன. நாலாவது தொட்டியைத் தூக்கும்போது வாசலிலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அந்தத் தொட்டியையும் ஊற்றினாள்.

வாசல் காவலுக்கு இருந்தவர் கிழவர் மெலித்தோன். வயசானவர்களைத் ‘தைத்தா’ என்பார்கள். கொட்டடிக்கே அவர் தைத்தா. இரண்டாவது தொட்டியிலேயே எழுந்து வந்துவிட்டார்.

“ஏ பொம்பள! உனக்குப் பேய் கீய் புடிச்சிருச்சா? உன் அறையில நீயே…”

“தைத்தா, நீங்க எதையும் பாக்கல.”

கிழவர் அறையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நான் எங்க பாக்குறது? எனக்கு ரெண்டு கண்ணும் பொறை விழுந்து வருசமாச்சு,” என்று சொல்லிவிட்டு, ஒரு கல்லில்கூட இடறாமல் விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பிப் போனார்.

வெயில் ஏறியதும் எசமானும் டாக்டரும் வந்தார்கள். டாக்டரின் கையில் அளவுக்கயிறும் காகித அட்டையும் இருந்தன. ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே, இருட்டு அறைக்குள் நேற்றைய நினைப்பில் காலை எடுத்து வைத்தார். வழுக்கியது. விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்தார். கை சுவரில் சறுக்கி, முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றினார்.

அவர் போட்ட கூச்சல் ஆலைவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். தவழ்ந்து வெளியே வந்து, தன் கைகளைத் தன்னுடையவை இல்லாத மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் வாந்தி எடுத்தார். எசமான் ஒரு எட்டுப் பின்னால் போனார். நிகனோர் ஓடி வந்து செராபியாவின் தலைத்துணியோடு முடியைப் பிடித்து இழுத்தான்.

“சொல்லுடி! எவ பண்ணுன வேல இது?”

“நான்தான்.”

“நாயே, என்னத்துக்குடி?”

அவள் எசமானைப் பார்த்துச் சொன்னாள்.

“எசமான், புதுசா ஒண்ணும் கொண்டு வரல. எல்லாம் நம்ம குழியில இருக்கறதுதான். நேத்து அந்தப் பக்கம் இருந்துச்சு, இன்னிக்கு இந்தப் பக்கம் இருக்கு. கிணத்துலயும் இதுதான் இருக்கு. நாங்க குடிக்கறோம். பதினோரு பேரு குடிச்சுச் செத்துட்டாங்க.”

“வாய மூடு!” என்றார் எசமான்.

டாக்டர் அதற்குள் கிணற்றடிக்குப் போய்விட்டார். நிகனோர் வாளியை இறக்கி இறைத்து அவர் முன்னால் வைத்தான். அவர் அவசரமாகக் கையை முக்கப் போனார். முக்கவில்லை. வாளிக்கு மேல் குனிந்தபடி அப்படியே நின்றார். நேற்று செராபியாவின் தோளில் மோந்த அதே மூக்கை வாளியின் மேல் வைத்து மோந்தார். காலால் வாளியை எட்டி உதைத்தார்.

“வீட்டுலேர்ந்து தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க. சோப்பும். சீக்கிரம்!”

கைகள் சிவக்கச் சிவக்கக் கழுவி, வாசனைத் தண்ணீர் சீசா முழுவதையும் காலி பண்ணிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. செத்த பதினோரு பேரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கோட்டின் கையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் இதைச் சொன்னார்:

“குழிய வெளிய எடுங்க டோன் எவாரிஸ்தோ. கிணத்துக்குப் பக்கத்துல குழி வச்ச கொட்டடிய நல்ல கொட்டடின்னு எழுதினா ஹவானாவுல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. எடுத்தா எழுதறேன். இல்லன்னா உங்க பேரு என் புஸ்தகத்துல இருக்காது.”

எசமானின் முகம் சுண்டிப்போனது. செத்தவர்களுக்காக அசையாதவர், ஒரு புத்தகத்தில் பேர் வராமல் போவதற்கு அசைந்தார்.

“வெளிய வச்சா ராத்திரி கதவ எப்படிங்க பூட்டுறது?” என்று நிகனோர் முனகினான்.

“பூட்டுறதுக்கு முன்னால பத்துப் பத்துப் பேரா விடு. அதுக்கும் நான்தான் சொல்லித் தரணுமா?” என்றார் எசமான்.

செராபியாவை அன்று மத்தியானமே முற்றத்தில் குப்புறப் படுக்க வைத்தார்கள். இருபத்தைந்து சாட்டையடி. பிறகு உப்பும் புகையிலையும் மூத்திரமும் கலந்து முதுகில் அப்பினார்கள். அதற்குப் பெயர் வைத்தியம். டாக்டர் அதற்குள் வண்டி ஏறிவிட்டார். இரண்டு மாதம் ராத்திரிதோறும் நோயாளிக் கொட்டகையில் கால்களைத் துளையிட்ட தண்டனைக் கட்டையில் மாட்டிப் படுக்க வேண்டும், பகலில் வேலைக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை லெயோகாதியா அங்கே வந்தாள். கையில் ஒரு சுட்ட வாழைக்காய். செராபியா குப்புறக் கிடந்தாள். முதுகில் ஈ மொய்க்க, லெயோகாதியா பாவாடை நுனியால் விசிறிக்கொண்டே உட்கார்ந்தாள்.

“ஏழு தரம் கழுவிட்டேன்டி. பலகைய மாத்தித் தந்தாங்க. சுவரு மட்டும் இன்னும்…”

“என் மேல கோவமா?”

“கோவமா? அந்த டாக்டரு நாலு கால்ல தவழ்ந்து வந்தானாமே. தைத்தா நடிச்சுக் காட்டினாரு. எம்புள்ள போனதுக்கு அப்புறம் நேத்துதான் சிரிச்சேன்.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முழுசா சிரிக்கவும் முடியல. சிரிக்க வாயத் தொறந்தா நாத்தம் உள்ள போவுது.”

குழியை வெளியே எடுத்தார்கள். கதவிலிருந்து நாற்பது தப்படி தள்ளி, சாராயம் காய்ச்சுகிற கொட்டகைக்குப் போகும் வழியில் புதிதாகத் தோண்டினார்கள். பழைய குழியைச் சாம்பல் போட்டு மூடினார்கள். கிணற்றை யாரும் இறைத்துச் சுத்தம் பண்ணவில்லை. அது டாக்டரின் கண்ணுக்குத் தெரியாதே.

ஏப்ரலில் அவர் மறுபடி வந்து அறையை அளந்தார். செராபியாவுக்கு வெள்ளைத் தலைத்துணி கட்டிவிட்டு வாசலில் நிற்கவைத்தார்கள். அவர் இந்த முறை உள்ளே கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கோடு போட்டார். படத்தில் சுவரில் ஒரு சிலுவையையும் வரைந்தார். அறையில் சிலுவை இல்லை. வரைந்து முடித்ததும் திருப்பி அவளிடம் காட்டி, “நல்லா இருக்கா?” என்று கேட்டார். அவள் படத்தைப் பார்க்காமல் அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் ஒட்ட வெட்டி, தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. அவளுக்கு அந்தக் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மே மாதம் கரும்பு வெட்டு முடிந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. கடைசி வண்டிக் கரும்பு ஆலைக்குள் போனதும் சாராயம் ஊற்றினார்கள். நிகனோர் தன் பங்கையும் மற்றவர் பங்கையும் குடித்துவிட்டுத் திண்டில் சாய்ந்திருந்தான். அந்தி நேரம் மெலித்தோன் கதவைத் திறந்து பத்துப் பத்துப் பேராகக் குழிக்கு விட்டார். மூன்றாவது பத்தில் செராபியாவும் லெயோகாதியாவும் இருந்தார்கள். ருஃபினாவின் சட்டை லெயோகாதியாவின் மடியில் இருந்தது.

கதவைத் தாண்டும்போது செராபியா கிழவரின் கையை ஒரு நொடி பிடித்தாள்.

“வழுக்கும், பாத்துப் போங்க,” என்றார் அவர் உரக்க. திரும்பி வந்தவர்களை எட்டு வரை எண்ணி, ஒன்பது, பத்து என்று வெறும் மழையையும் சேர்த்து எண்ணிவிட்டு அடுத்த பத்தை விட்டார்.

வயல்களில் கரும்பு இல்லை, வெறும் கட்டைகள். மறைய இடமில்லை. சாராயக் கொட்டகையின் கழிவு ஓடுகிற கால்வாய் ஒன்றுதான் ஆற்றுவரை போயிற்று. கருத்து, நுரைத்து, சூடு ஆறாமல் ஓடிக்கொண்டிருந்தது. லெயோகாதியா கரையில் நின்றுவிட்டாள்.

“இதுக்குள்ளயா? செத்த மாடு நாறுற மாதிரி நாறுதுடி!”

“தேடி வர்ற நாய்ங்களுக்கும் அப்படித்தான் நாறும். இறங்கு.”

“நீயா சொல்ற? கால கழுவாம உள்ள விடாதவ நீயா சொல்ற?”

“இது கரும்புடி கரபேலா. அழுகின கரும்பு, அவ்வளவுதான். மனுசங்க இதுல ஒண்ணும் பண்ணல. இறங்கு!”

மார்பு அளவு கழிவில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நுரை வாயில் பட்டது. முதுகுத் தழும்புகள் எரிந்தன. ஆறு வந்ததும் அதற்குள்ளேயே கிடந்து, நீரோடு இறங்கி, வெளுக்கும் நேரத்தில் எதிர்க்கரை ஏறினார்கள். தூரத்தில் நாய்கள் கால்வாய் ஓரமாகக் குரைத்து, தும்மி, சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு அந்தச் சத்தம் வேறு பக்கம் போனது.

ஐந்து நாள் கழித்து, முன்பே ஓடிவந்து குன்றுகளுக்குள் ஒளிந்து வாழ்ந்தவர்களின் இருப்பிடத்தை இருவரும் கண்டுபிடித்தார்கள். பதினாலு பேர், ஏழு குடிசைகள். அங்கே இருந்த ஒருத்தி அவர்கள் ஊர் பாஷை பேசினாள். பேர் கேட்டாள். “அபேகே,” என்றாள் செராபியா. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் இருந்த பேரை இருபது வருஷம் கழித்துச் சொன்னதால் முதல் தடவை நாக்கு தடுமாறியது.

அந்த வருஷம் நவம்பரில் சாந்தா பிரிஹிதாவிலிருந்து இன்னொருவன் வந்து சேர்ந்தான். அங்கே வண்டி ஓட்டிய ஹசிந்தோ. குழி வெளியே இருக்கிறவரை ஆட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். மெலித்தோனைக் காவலிலிருந்து எடுத்துவிட்டு, அடித்து, பன்றி மேய்க்க விட்டிருக்கிறார்கள். கண் தெரியாது என்று இன்னும் சாதிக்கிறாராம். புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. எசமான் விருந்தாளிகளுக்குச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிறார்.

“எங்க அறையில இப்ப யாரு இருக்கா?” என்று கேட்டாள் லெயோகாதியா.

ஹசிந்தோ தயங்கினான். “அங்க ஆளுங்க இல்லக்கா. வேட்டை நாய்ங்கள அங்கதான் கட்டுறாங்க. இருக்கறதுலயே சுத்தமான அறை அதுதானாம். மத்த அறையில வச்சா தெள்ளு கடிச்சு நாய்க்குச் சீக்கு வந்துருதாம்.”

லெயோகாதியா எழுந்து போய் மரத்தடியில் காறித் துப்பினாள். செராபியா அவளைக் கூப்பிடவில்லை. அடுப்பில் வெந்த சேம்பை எடுத்து, தோலை உரித்து, மூன்று இலைகளில் பங்கு வைத்தாள். லெயோகாதியா திரும்பி வந்து உட்கார்ந்ததும்தான் ஹசிந்தோவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“குடிசை எங்க கட்டப் போற?”

“அந்த மேட்டுல கட்டலாம்னு பாக்கறேன்க்கா. ஓடைக்கு மேல.”

“கட்டு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஒதுங்கறதுக்கு ஓடைக்குக் கீழதான் போகணும், நூறு தப்படி தள்ளி. மழையோ இருட்டோ, சாக்கு சொல்லக் கூடாது.”

“அவ்வளவு தூரமா? ராத்திரியிலயுமா?”

“ராத்திரியிலயும்தான்,” என்றாள் லெயோகாதியா, வாயில் சேம்போடு. “இவ பேச்ச கேட்டுக்க தம்பி. இவகிட்ட தொட்டி இருக்கு.”